கொள்ளிடத்தில் எடுப்பது எவ்வளவு, விடுவது எவ்வளவு?

மேட்டூர் 120 அடியைத் தொட்டு, வருகிற தண்ணீரை அப்படியே கொள்ளிடத்தில் திருப்பிவிடும் ஆண்டுகளில் எல்லாம் டெல்டாவில் ஒரே பேச்சுதான். “இத்தனை டி.எம்.சி. வீணாக் கடல்ல கலக்குதே!” டீக்கடையிலும் சரி, ஆட்சியர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் சரி, இதைச் சொல்லாதவர் கிடையாது. கருகிய சம்பாவைக் கண்ணால் பார்த்தவர்களின் வயிற்றெரிச்சல் அது. அதில் நியாயம் இருக்கிறது.

2022இல் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. சனங்கள் ஆடு மாடுகளோடு கரையேறினார்கள். கொள்ளிடத்தின் இந்தக் கடைசிப் பகுதியில்தான் சித்திரை, வைகாசியில் அடிபம்பை அடித்தால் உப்புத் தண்ணீர் வருகிறது. கரையோர வீடு ஒன்றில் ஒரு பெரியம்மா சமையற்கட்டில் இரண்டு குடம் வைத்திருக்கிறார். ஒன்று பம்புத் தண்ணீர், பாத்திரம் கழுவ. மற்றது லாரியில் வந்தது, உலை வைக்க. “இதுல பருப்பு வேகாது தம்பி, எவ்வளவு நேரம் வச்சாலும் கல்லாத்தான் கெடக்கும்” என்றார். பம்புத் தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் விரலால் சுரண்டினால் வெள்ளையாகப் பொரிந்து வருகிறது. ஆவணியில் வெள்ளம், சித்திரையில் உப்பு. இரண்டும் ஒரே ஆற்றங்கரையில்.

இதற்குத் தீர்வு என்று நான்கு யோசனைகள் நம் முன்னால் இருக்கின்றன. கொள்ளிடத்தின் குறுக்கே கதவணைகள் (ஷட்டர் வைத்த தடுப்பணைகள்) கட்டுவது, ஆற்று மணலிலும் வயலிலும் நிலத்தடி நீரை எடுப்பது, வெள்ள நீரைத் தெற்கே கொண்டுபோவது, வயலில் செலவாகும் நீரைக் குறைப்பது. எதற்கு முதலில் பணமும் குரலும் கொடுக்கலாம் என்பதை அணைக்கரையில் உள்ள கீழணை தொடங்கிப் பழையாறு முகத்துவாரம் வரையுள்ள பகுதியை மனதில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: நாம் எடுத்ததுபோக, கோடையில் முகத்துவாரத்துக்கு நல்ல தண்ணீர் போகிறதா, இல்லையா?

முகத்துவாரம் ஏன் என்று கேட்பார்கள். ஆற்றில் மேலிருந்து நல்ல தண்ணீர் தள்ளாவிட்டால் கடல் உள்ளே வரும். முதலில் ஆற்றுக்குள், பிறகு கரையின் நிலத்தடியில், கடைசியில் அந்தப் பெரியம்மாவின் குடத்தில். விவசாயிக்கும் மீனவருக்கும் ஒரே எல்லைக்கோடு அது. முகத்துவாரம் நன்றாக இருந்தால் மேலே உள்ள கிணறும் நன்றாக இருக்கும்.

யோசனைகளுக்குப் போகுமுன் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2007இல் காவிரி நடுவர் மன்றம் தந்த இறுதித் தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கென்று 4 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 192 டி.எம்.சி.யில் அந்த 10ம் அடக்கம். மாதவாரிப் பட்டியலைப் பாருங்கள்: பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. நான்கு மாதத்துக்கு அதே 10. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 192ஐ 177.25 ஆகக் குறைத்தபோது ஜூன் முதல் ஜனவரி வரையான அளவுகளில்தான் கைவைத்தது. கோடை மாதங்களின் 2.5ஐத் தொடவில்லை.

அந்த 10 டி.எம்.சி. நடைமுறையில் எங்கே போகிறது? ஜனவரி 28ஆம் தேதி மேட்டூரைப் பாசனத்துக்கு மூடிய பிறகு குடிநீருக்கென்று வினாடிக்கு ஆயிரம் கன அடி அளவில் திறக்கிறார்கள். நான்கு மாதம் ஆயிரம் கன அடி என்றால் சுமார் 10 டி.எம்.சி. கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் ஈரோடு, நாமக்கல், கரூர், திருச்சி மாவட்டங்களின் குடிநீர்க் கிணறுகளிலும் வழியில் உள்ள மணலிலும் இறங்கிவிடுகிறது. குடிநீர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றுக்கென்று எழுதியதும் மனிதருக்கென்று செலவழிப்பதும் ஒரே தண்ணீராகிவிட்டது. கீழணைக்குக் கீழே ஆற்றுக்குப் பங்கே இல்லை.

கதவணைகள்

டெல்டாவில் இப்போது அதிகம் கேட்கப்படுவது இதுதான். காவிரியில் மாயனூரில் கட்டினார்கள், கொள்ளிடத்தில் ஆதனூர்–குமாரமங்கலத்தில் கட்டினார்கள், இன்னும் கீழே அளக்குடி–திருக்கழிப்பாலை இடையே ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்கள். கதவணை கட்டினால் வீணாகும் வெள்ளத்தைப் பிடித்துவிடலாம் என்பது பொதுவான நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை ஒரு சின்னக் கணக்கு கலைத்துவிடும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடி ஓடினால் ஒரு நாளில் 17 டி.எம்.சி.க்கு மேல் போய்விடும். மாயனூர் கதவணையின் கொள்ளளவே சுமார் ஒரு டி.எம்.சி.தான். ஆதனூர் அதிலும் குறைவு. ஒரு டி.எம்.சி. கொள்ளும் கதவணை அந்த வெள்ளத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அதற்கப்புறம் கதவைத் தூக்கிவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பத்துக் கதவணை கட்டினாலும் வெள்ளத்தில் ஒரு நாள் ஓட்டத்தைக்கூடப் பிடிக்க முடியாது.

அப்படியானால் கதவணை வேண்டாமா? வேண்டும். ஆனால் வேறு காரணத்துக்காக. வெள்ளம் வடிந்த பிறகு, ஐப்பசி, கார்த்திகை மழையின் கடைசித் தண்ணீரை ஆற்றிலேயே நிறுத்திவைத்தால் அது இரு கரையிலும் நிலத்தடியில் இறங்கும். பக்கத்துக் கிணறுகளில் மட்டம் ஏறும். கடல் நீருக்கு எதிராக நிலத்துக்குள் ஒரு நல்ல தண்ணீர்ச் சுவர் நிற்கும். இந்த வேலையை ஆதனூர் மாதிரியான ஓர் அமைப்பு நன்றாகச் செய்யும்.

கெடுதல் வருவது கதவை எப்படி இயக்குகிறோம் என்பதில். பிப்ரவரி முதல் மே வரை ஷட்டரை இறுக்கி மூடிவைத்தால் மேலே உள்ளவர்களுக்குக் கண்குளிரத் தண்ணீர், கீழே உள்ளவர்களுக்குச் சொட்டு கிடையாது. கதவணைக்குக் கீழே ஆறு கடலின் வாலாக மாறிவிடும். வெயிலில் ஆவியாக ஆவியாக அங்கே உப்பு இன்னும் கெட்டிப்படும். மணலும் மேலேயே தங்கிவிடுவதால் கீழே படுகை அரிபடும்.

அளக்குடி யோசனையில் எனக்குத் தயக்கம் அதிகம். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் ஆற்றை அடைத்தால் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகப் பகுதியே சுருங்கும். இறால் குஞ்சும் கொடுவா, மடவைக் குஞ்சும் கடலிலிருந்து உள்ளே வந்து வளர்வது அந்த அரை உப்புத் தண்ணீரில்தான். நம் ஆற்றிலேயே இதற்கு முன் பாடம் இருக்கிறது. வங்காளிகள் ஹில்சா என்று கொண்டாடும் உல்லம் மீன் ஒரு காலத்தில் கொள்ளிடத்திலும் காவிரியிலும் எதிரேறி வந்த மீன். கீழணையில் அது ஏறிப்போகப் பிரிட்டிஷ் காலத்திலேயே வழி அமைத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1934இல் மேட்டூர் முடிந்த பிறகு அந்த மீன்பிடிப்பு நொடித்துப்போனது. இன்றைக்குப் பழையாற்றில் இளவட்டங்களிடம் உல்லம் பற்றிக் கேட்டால் பேரே தெரியாது என்பார்கள்.

அடுத்தது, குறைதீர்க்கும் கூட்டத்தில் பேச வராதவர்கள். பிச்சாவரம் பக்கம் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரு கையாலும் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. வலை இல்லை, படகு இல்லை. கை உணர்வுதான் மூலதனம். கழிமுகம் கெட்டால் அன்றைக்கே அடுப்பு அணையும் வீடு அவர்களுடையது. கதவணைக்கு மனு எழுதும்போது இவர்களைக் கணக்கில் சேர்த்தவர்களை நான் பார்த்ததில்லை.

நல்ல தண்ணீர் வராத கழிமுகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் டெல்டாவின் தெற்கு மூலைக்குப் போங்கள். முத்துப்பேட்டையில் பாமணியாறு, கோரையாறு எல்லாம் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் மழைக்கால வடிகால் நீர். மற்ற மாதங்களில் காயல் கடலைவிட உப்பாகிறது. அங்கே காடு பரந்து கிடந்தாலும் பெரும்பாலும் ஒரே மரம், வெண்கண்டல். உப்பைத் தாங்கும் மரம் அது. இலையைத் தடவினால் அது வெளியே தள்ளிய உப்பு விரலில் ஒட்டும். வெள்ளாறும் கொள்ளிடமும் இரு பக்கமும் நிற்கிற பிச்சாவரத்தில் சுரபுன்னை, தில்லை என்று பத்துக்கும் மேற்பட்ட வகை மரங்கள் இன்னும் சேர்ந்து நிற்கின்றன. முத்துப்பேட்டையின் நிலைக்கு வேறு காரணங்களும் உண்டு. பழைய நாளில் காட்டை வெட்டியது ஒன்று. ஆனாலும் தண்ணீர்க் குறைவு முக்கியமான காரணம். கொள்ளிடத்தைக் கோடை முழுக்க அடைத்தால் பிச்சாவரமும் அந்த வழியில்தான் போகும்.

மணலுக்குள் இருக்கும் தண்ணீர்

குடிநீர்த் திட்டங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆற்று மணலில் பெரிய உறைகிணறு இறக்கினால் வடிகட்டின தண்ணீர் ஊறி வரும். காவிரியையும் கொள்ளிடத்தையும் நம்பி ராமநாதபுரம் வரைக்கும், வேதாரண்யம் வரைக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஓடுகின்றன. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குப் போய், அங்கிருந்து 2004 முதல் சென்னைக்கும் போகிறது. சென்னைக்கான அந்தக் குழாயின் திறன் நாளுக்கு 18 கோடி லிட்டர். ஆண்டு முழுக்க எடுத்தாலும் 2.3 டி.எம்.சி.தான். பாசனத்தோடு வைத்துப் பார்த்தால் சின்ன அளவு. அதனால் குடிநீருக்கு எடுப்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எடுக்கும் காலமும் இடமும் கணக்கில் வரவேண்டும். ஆறு வற்றிக் கிடக்கும் மாதங்களில், மணலில் மிச்சமிருக்கும் நீரைத்தான் இந்தக் கிணறுகள் இழுக்கின்றன. கீழே போகப் போக, கடலுக்குக் கிட்டத்தில் இறக்கும் ஒவ்வொரு பெரிய கிணறும் உப்பை ஓரடி உள்ளே அழைக்கிற கிணறு.

வயல் போர்களின் கதை வேறு. பாபநாசம், கும்பகோணம், திருவிடைமருதூர் பக்கம் மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்குக் காத்திராமல் போர்த் தண்ணீரில் நாற்று விட்டுக் குறுவையை முடித்துவிடுகிறார்கள். அவர்களால்தான் தண்ணீர் தாமதமான ஆண்டுகளிலும் குறுவை என்று ஒன்று நிற்கிறது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. நாகப்பட்டினம் பக்கம் ஆழமாகப் போனால் பல இடங்களில் உவர்நீர்தான். 2018 தீர்ப்பில் இதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம். டெல்டாவில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதாக எடுத்துக்கொண்டு, அதில் 10 டி.எம்.சி.யை நம் பங்கில் உச்ச நீதிமன்றம் கணக்கிட்டுக் கழித்துவிட்டது. ஆக நிலத்தடி நீர் இனி தனிச் சொத்து இல்லை. ஆற்று நீருக்குப் பதிலாக நம் தலையில் எழுதப்பட்ட நீர் அது. அதை ஊற்றி நிரப்புவதும் ஆறும் வாய்க்காலும்தான். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைக் குறைத்துவிட்டுப் போரை நம்பச் சொல்வது ஒரே பையிலிருந்து இரண்டு முறை செலவழிப்பது.

இந்த யோசனையைக் கெடுக்கும் பெரிய எதிரி மணல் கொள்ளைதான். தண்ணீர் தங்குவது மணலின் இடுக்கில். மணலை அள்ளினால் தண்ணீர்த் தொட்டியையே அள்ளுகிறோம். படுகை கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஓதம் தடையில்லாமல் உள்ளே வரும். அதற்கப்புறம் எந்தக் கதவணையும் முழுசாகக் காப்பாற்றாது. மேட்டூர் கட்டியது முதல் மேலேயிருந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. பவானியிலும் அமராவதியிலும் அணைகள் வந்துவிட்டன. நாம் அள்ளுவது பழைய சேமிப்பு, திரும்பி வராதது. 2018 ஆகஸ்டில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது கட்டடம் பழசானதா, மணல் போனதா என்று பெரிய விவாதம் நடந்தது. அந்த விவாதத்துக்கு முடிவு கிடைக்கிறதோ இல்லையோ, கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் குவாரிக்கு அனுமதியே கூடாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

தெற்கே போகும் கால்வாய்

காவிரி–தெற்கு வெள்ளாறு–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய், வினாடிக்கு ஆறாயிரத்துச் சொச்சம் கன அடி. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் ஏரி, கண்மாய்கள் நிரம்பும். அந்த மண்ணின் தாகம் தெரிந்தவர்கள் யாரும் இதை எதிர்க்க முடியாது, நானும் எதிர்க்கவில்லை. இரண்டு லட்சம் கன அடி போகும்போது ஆறாயிரம் கன அடி எடுத்தால் கழிமுகத்துக்கு ஒன்றும் குறையாது. வெள்ளம் இல்லாத நாளிலும் எடுக்கத் தொடங்கினால்தான் கடைமடைக்கு ஆபத்து. மாயனூரில் எவ்வளவு ஓடினால் கால்வாயைத் திறக்கலாம் என்பதை அரசாணையிலேயே எண்ணாக எழுதிவிட வேண்டும். ஆனால் கொள்ளிடக் கரையின் உப்புக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

வயலில் மிச்சம்

‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று வேளாண் துறை பல ஆண்டாகச் சொல்லிவருகிறது. வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல், மறைந்த பிறகு கட்டுவது. விளைச்சல் குறையாமல் பாசன நீரில் முப்பது சதவீதம் வரை குறைக்கலாம் என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

டெல்டாவில் இந்த முப்பதை அப்படியே வரவு வைக்கக் கூடாது. தலைமடையில் ஒரு வயலில் வடிந்தது கீழே இன்னொரு வயலின் பாசனம். ஒருவர் வடிகால் அடுத்தவர் வாய்க்கால். மண்ணில் இறங்கியது பம்புசெட் வழியாகத் திரும்பி வரும். அங்கே மிச்சம் பிடித்ததாகக் காகிதத்தில் எழுதும் தண்ணீரில் பாதி ஏற்கெனவே வேறொருவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர். உண்மையான மிச்சம் கடைமடையில்தான். அங்கே கீழே இறங்கும் நீர் உவரில் கலந்து போய்விடும்.

ஆனால் கடைமடைக்காரர் வயலைக் காயவிடப் பயப்படுவார். ஏன் பயப்பட மாட்டார்? முறை வைத்து விடும் தண்ணீர் ஆறு நாளில் வரும் என்று சொல்லிப் பத்து நாளில் வந்து சேர்ந்தால், காய்ந்த வயல் வெடித்துப்போகும். வரும்போதே தேக்கிக்கொள்வது பேராசையில்லை, அனுபவம். முறைப்பாசனத் தேதி தவறாது என்ற நம்பிக்கையைக் கொடுத்தால்தான் அவர் மடையை அடைப்பார். அதனால் இந்த யோசனைக்குத் தேவை விழிப்புணர்வுக் கூட்டம் அல்ல. வயலை ஒட்டிய சிறு வாய்க்கால்களான சி, டி வாய்க்கால் வரை தூர்வாருவது, கடைசி மதகில் அளவுகோல் நடுவது, தேதியைக் காப்பாற்றுவது. கட்டுமானச் செலவு நான்கு யோசனைகளிலும் இதற்குத்தான் குறைவு. ஒப்பந்தக்காரருக்குப் பெரிய வேலை இல்லாததால் இதற்காகக் குரல் கொடுக்க ஆளும் குறைவு.

எதை முதலில்?

என் கணிப்பில் முதல் இடம் இந்த நான்கிலும் இல்லாத கோடை நீருக்கு. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அந்த 10 டி.எம்.சி.யில் குடிநீருக்கான அன்றாட ஓட்டம் போகட்டும். அதில் ஒரு பங்கை மட்டும் ஏப்ரலில் ஒரே மூச்சாக விட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரம் கன அடியாக விட்டால் மணல் குடித்துவிடுகிறது. வினாடிக்கு ஐந்தாயிரம் கன அடி வீதம் ஐந்து நாள் விட்டால் செலவு 2.2 டி.எம்.சி.க்குள் அடங்கும். அதிலும் பாதிக்கு மேல் வழியில் இறங்கலாம். இறங்கினால் அது குடிநீர்க் கிணறுகளுக்கே லாபம். 2016–17 மாதிரி வறட்சி வந்தால் இந்தப் பங்கும் மற்றவர் பங்கைப் போல அதே விகிதத்தில் குறையட்டும். இல்லாமல் போகக் கூடாது.

அதோடு சேர்ந்தே நடக்கவேண்டியவை மணல் தடையும் கடைமடை முறைப்பாசனமும். கீழணைக்குக் கீழே புதிய பெரிய கிணறுகளை, கரையோரக் கிணறுகளின் உப்பளவை மாதாமாதம் எடுத்துப் பார்த்த பிறகே அனுமதிக்க வேண்டும். ஆதனூர் மாதிரி கதவணை, கோடையில் கீழே தண்ணீர் விடும் விதியோடு இருந்தால் நல்லது. வினாடிக்கு 30 கன அடி வீதம் இரண்டு மாதம் விட்டால்கூட 0.16 டி.எம்.சி.தான் ஆகும். அது கடலை விரட்டாது, ஆனால் கதவுக்குக் கீழே உப்பு கெட்டிப்படுவதை மட்டுப்படுத்தும், குஞ்சு மீனுக்கு ஒதுங்க இடம் தரும். அளக்குடி கடைசியில். ஏப்ரல் நீரை விட்டு, மணலை நிறுத்தி, அப்புறமும் உப்பு ஏறினால் அப்போது பேசலாம்.

இதைச் சொன்னால் எங்கள் பக்கத்து விவசாயிகள் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். “நாத்துக்கே தண்ணி இல்ல, நீ நண்டுக்குக் கேக்குறியா?” என்பார்கள். நண்டுக்குப் போகும் தண்ணீர் வழியில் உங்கள் கிணற்றைத் தொட்டுவிட்டுத்தான் போகும் என்பதே என் பதில்.

அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு எழுதுபவர்கள் ‘கதவணை வேண்டும்’ என்று முடிக்காமல் கட்டிய கதவணையின் இயக்க விதியைத் தமிழில் கேளுங்கள். பிப்ரவரி முதல் மே வரை எத்தனை ஷட்டர், எவ்வளவு உயரம் திறந்திருக்கும்? திறக்க உத்தரவிடும் அதிகாரி யார்? கீழ்ப்பக்கத்து உப்பளவு எந்த ஊராட்சிப் பலகையில், எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதப்படும்? மனுவில் பழையாற்று மீனவர் பஞ்சாயத்தின் கையெழுத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போங்கள்.